மைலோ டின்னில் கிடந்த கடிதங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. அம்மா இறந்தபிறகு ஜாலான் குக்கோவில் வீவகவின் (சிங்கப்பூர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) ஓரறை வாடகை வீட்டில், ஒரு சீனப் பெரியவரோடு பகிர்ந்து இருக்கிறார். அந்தப் பெரியவர் விடியற்காலை 5 மணிக்கு உணவங்காடி நிலையத்தில் தட்டு எடுக்கும் வேலைக்குப் போகிறவர். அப்பா ராத்திரி டிவியை அலறவிடுகிறார், கதவை அறைகிறார், கேட்டால் கத்துகிறார் என்று ஓயாமல் புகார். வீவக மூன்றாவது எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிவிட்டது. (அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. மூன்றையும் பிரிக்காமலே காலி மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தார். பிப்ரவரி தேதியிட்ட முதல் கடிதத்தையே ஜூனில்தான் பார்த்தேன்.) அப்பாவை வெளியேற்றிவிடுவார்களா? அந்தப் பெரியவரை வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லி, எம்.பி.யின் மக்கள் சந்திப்பில் மனு கொடுக்கலாமா?
— வாசகர், பொங்கோல்

பதில்: மனுவை ஓரமாக வையுங்கள், தம்பி. அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்களே, அந்த மைலோ டின், எனக்கு அதுதான் முக்கியம்.

படிக்கத் தெரியாத மனிதர் அந்தக் கடிதங்களைக் குப்பையில் போடவில்லை. டின்னில் போட்டு மூடி வைத்திருக்கிறார். யாராவது வந்து படித்துச் சொல்வார்கள் என்றுதானே? அந்த ‘யாராவது’ நீங்கள். பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் நடுவில் சித்திரைப் புத்தாண்டு வந்து போயிருக்கிறது. அன்றைக்கும் போகவில்லையா? பொங்கோலில் ரயில் ஏறினால் எங்கும் மாறாமல் சைனாடவுனில் இறங்கலாம், அங்கிருந்து நடைதூரம். தூரம் என்று மட்டும் எனக்குச் சொல்லாதீர்கள்.

சரி, கேட்டதற்கு வருகிறேன். வெளியேற்றும் அதிகாரம் வீவகவுக்கு உண்டு. வாடகை ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்குத்தான். அதைப் புதுப்பிப்பது அவர்கள் கையில். ஆனால் ஒரு புகார் வந்ததும் யாரையும் தெருவில் விடுவதில்லை. எச்சரித்து எழுதுவார்கள், அதிகாரி நேரில் வந்து இருவரிடமும் பேசுவார், தேவைப்பட்டால் குடும்பச் சேவை நிலையத்துக்குச் சொல்லிவிடுவார், சமரசம் பேசச் சொல்வார். இரண்டு பேரும் சேர்ந்திருக்கவே முடியாது என்றானால் ஆளை மாற்றிப்போடவும் பார்ப்பார்கள். ஒப்பந்தத்தை முறிப்பது கடைசியில்தான். மாதம் 26 வெள்ளியில் தொடங்குகிற வாடகையில் இருப்பவரை வெளியே அனுப்பினால் அவர் எங்கே போவார்? சுற்றிச் சுற்றி மறுபடி அரசாங்கத்தின் வாசலுக்குத்தான் வருவார். தனியார் வீட்டுக்காரருக்கு இந்தத் தலைவலி கிடையாது.

2015-இல் வந்த சமூகத் தகராறு நடுவர் மன்றம் அண்டை வீட்டாருக்குத்தான். ஒரே வீட்டுக்குள் இருக்கிறவர்களின் சண்டை அங்கே போகாது. ஆக, உங்கள் அப்பா விஷயத்தில் எல்லாமே அந்த அதிகாரி மேசையிலுள்ள கோப்புதான். அதில் இப்போது என்ன இருக்கும்? மூன்று கடிதம், ஒன்றுக்கும் பதில் இல்லை. அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது என்று கோப்புக்கு எப்படித் தெரியும்? திமிர் பிடித்த கிழவர் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

மாற்றச் சொல்லி மனு வேறு! நடுவில் ஒரு தடுப்பு, அவ்வளவுதான் அந்த வீடு. தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவர் விடிவதற்குள் எழுந்து ஊரார் சாப்பிட்ட தட்டை எடுக்க ஓட வேண்டும். தூக்கம் கெட்டவர் அவர். அவரைத் துரத்த எம்.பி.யிடம் போய் நிற்பீர்களா? எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அப்பா ஏன் டிவியை அவ்வளவு சத்தமாக வைக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. காது சரியாகக் கேட்காதவருக்குக் கதவை அறைந்தாலும் மெதுவாகச் சாத்திய மாதிரிதான் இருக்கும். என் மாமனார் கடைசி காலத்தில் “சாப்பிட்டியாம்மா” என்று கேட்டாலே பக்கத்து வீட்டார் சண்டை என்று எட்டிப் பார்ப்பார்கள். உங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் என்று நான் சத்தியம் செய்யவில்லை. பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துப்போய்ப் பாருங்கள். காதுக் கருவி தேவைப்பட்டால் மூத்த குடிமக்களுக்கு மானியம் இருக்கிறது. அதற்கான படிவமும் ஆங்கிலத்தில் வரும். இந்த முறையாவது டின்னுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றவர்களைப் பிள்ளைகள் கூட வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறவள் நான். அதை மறைக்கமாட்டேன். உங்கள் வீட்டில் அவருக்கு ஏன் இடமில்லை என்று நீங்கள் எழுதவில்லை, நானும் தோண்டவில்லை. அப்பா குடித்திருக்கலாம், மருமகளைப் பேசியிருக்கலாம், ஆயிரம் இருக்கும். ஆனால் பெற்றோர் பராமரிப்புக்கென்று 1995-இல் இங்கே ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. வால்ட்டர் ஊன் என்ற நியமன நாடாளுமன்ற உறுப்பினர் தனி மசோதாவாகக் கொண்டுவந்தது அது. அதில் பணம் வாங்கித்தர வழி இருக்கிறது. கடிதத்தைப் படித்துச் சொல்ல ஒரு மகனை வாங்கித்தர எந்த மன்றமும் இல்லை.

திங்கட்கிழமை வீவக கிளை அலுவலகத்துக்குப் போன் போட்டு, இனிமேல் கடிதத்தின் நகல் உங்களுக்கும் வர வழி செய்யச் சொல்லுங்கள். அப்பாவுக்குக் காது பார்க்க நாள் வாங்கியாயிற்று என்பதை எழுத்தில் கொடுங்கள். சமரசத்துக்குக் கூப்பிட்டால் தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்று கேளுங்கள், நீங்களும் கூடப் போங்கள். டிவிக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இந்தச் சனிக்கிழமை ஜாலான் குக்கோ போய் முதலில் அந்தப் பெரியவரிடம் பேசுங்கள். வேலை முடிந்து வருகிறவர் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழட்டும். மாலை 4 மணிக்கு மேல் கதவைத் தட்டுங்கள். மெதுவாக.