சோதனை உலையில் மகளுக்கு வேலை

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஓரிடத்தில் சிரிப்பு வந்துவிட்டது; பொறுத்துக்கொள்ளுங்கள். “சோதனை உலை என்று பெயர் வைத்திருக்கிறார்களே, என் பெண்ணை வைத்தா சோதனை செய்யப்போகிறார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழில் அந்தச் சொல் படும் பாடு அப்படி. ஆய்வுக்கூடத்தில் செய்வதும் சோதனை, ரத்தம் எடுத்துப் பார்ப்பதும் சோதனை, ஆண்டவன் கொடுப்பதும் சோதனை. இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை. நாளைக்கு அவளுக்குத் திருமணம் ஆக வேண்டும், குழந்தை பிறக்க வேண்டும் என்று கடைசியில் இரண்டு வரி எழுதி, ஒன்றை அடித்திருந்தீர்கள். அடித்த வரிக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

உங்கள் மகள் இன்ஸ்ட்ரூமென்டேஷன் (அளவீட்டுக் கருவிகள்) டிப்ளமோ இறுதியாண்டு. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி வளாகத்தில் உதவித்தொகையுடன் பயிற்சி தந்து வேலையில் சேர்த்துக்கொள்ளும் தேர்வுக்கு விண்ணப்பிக்க ஆசைப்படுகிறாள். நீங்கள் அவளை பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்த்துவிட நினைக்கிறீர்கள். இரண்டும் நல்ல வழிதான். ஆனால் அந்த வேலை எப்படிப்பட்டது என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் சண்டை மட்டும் நடப்பதாகத் தெரிகிறது. அதனால் முதலில் வேலையைச் சொல்கிறேன்.

கல்பாக்கம் என்றதும் நம் மக்கள் நினைப்பது சென்னை அணுமின் நிலையத்தை. அதன் அருகிலேயே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே உள்ள சிறிய ஆராய்ச்சி உலைக்குக் காமினி என்று பெயர். அது எவ்வளவு சிறியது தெரியுமா? அதன் வெப்பத்திறன் 30 கிலோவாட். உங்களிடம் 40 குதிரைத்திறன் டிராக்டர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, கணக்குப் போட்டால் இரண்டும் ஒரே அளவுதான். தோரியத்திலிருந்து உருவாக்கப்படும் யுரேனியம்-233 ஏறத்தாழ 600 கிராம் அதன் எரிபொருள். 1996 அக்டோபர் 29 அன்று முதன்முதலில் அதில் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிளக்கும் தொடர்வினை நிலைபெற்றது. மின்சாரம் தயாரிப்பது அதன் வேலை அல்ல. அதிலிருந்து வரும் நியூட்ரான்களைக் கொண்டு, எக்ஸ்-ரே எடுப்பதுபோலப் படம் எடுப்பார்கள். எக்ஸ்-ரே உலோகத்தில் முட்டி நின்றுவிடும். நியூட்ரான் உலோகத்தைத் தாண்டி உள்ளே இருக்கும் வெடிமருந்தைக் காட்டும். ராக்கெட்டில் பயன்படும் சிறு வெடிகருவிகளின் உள்ளே மருந்து சரியாக நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பது இப்படித்தான். சோதனைக்கு உள்ளாவது அந்தக் கருவிகள். உங்கள் பெண் அல்ல.

இந்த உலையை இயக்குவதில் திரைப்படக் காட்சி போல எதுவும் இல்லை. தேவை வரும்போது இயக்குவார்கள், முடிந்ததும் நிறுத்துவார்கள். இயக்குவதற்கு முன் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருக்கும். தொட்டியில் நீர்மட்டம் சரியா, நீரின் தூய்மையைக் காட்டும் மின்கடத்துதிறன் வரம்புக்குள் இருக்கிறதா, காற்றோட்ட விசிறி ஓடுகிறதா, கதிர்வீச்சு அளக்கும் கருவிகள் உயிரோடு இருக்கின்றனவா, நியூட்ரான் எண்ணிகள் ஒழுங்காக எண்ணுகின்றனவா, நியூட்ரான்களை விழுங்கும் காட்மியம் தட்டுகள் தூக்கினால் எழுகின்றனவா, விட்டால் விழுகின்றனவா. அந்தத் தட்டுகள் விழுந்தால் உலை நின்றுவிடும், அதுதான் பிரேக். நீரின் தூய்மைக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். எரிபொருள் அலுமினியத்தோடு கலந்த தகடு. உப்பு கலந்த நீர் அலுமினியத்தை என்ன செய்யும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு அளவு, ஒரு நேரம், ஒரு கையெழுத்து. நேற்றும் இதே பட்டியல்தான், அடுத்த ஆண்டும் இதே பட்டியல்தான். நான் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்த காலத்தில் படித்த ஒரு பையன் இப்படிப்பட்ட வேலைக்குப் போனான். ஆறு மாதம் கழித்து வந்து, “அணுவைப் பிளக்கப் போனேன் சார், அட்டவணை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்” என்றான். குறையாகச் சொன்னானா, பெருமையாகச் சொன்னானா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

அதே வளாகத்தில் இன்னொரு உலை, எரிக்கும் எரிபொருளைவிட அதிகமாகப் புது எரிபொருளை உருவாக்கும் வேக ஈனுலை வகையைச் சேர்ந்த சோதனை உலை. எஃப்.பி.டி.ஆர். என்று எல்லோரும் சொல்வார்கள். பிரான்சின் ராப்சோதி என்ற உலையை முன்மாதிரியாகக் கொண்டு கட்டப்பட்டு 1985 அக்டோபர் 18 அன்று இயங்கத் தொடங்கியது. அதன் வடிவமைப்புத் திறன் 40 மெகாவாட் வெப்பம். அந்த முழுத் திறனை எட்டியது எப்போது தெரியுமா? 2022 மார்ச்சில். இடையில் 36 ஆண்டுகள். “அரசாங்க வேலை என்றால் இப்படித்தான்” என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால் புதுவகை எரிபொருளைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, எடுத்துப் பார்த்து, ஆராய்ந்து, பிறகு அடுத்த படிக்குப் போவதுதான் சோதனை உலையின் இயல்பு. அவசரப்படும் ஆளுக்கு அங்கே மூச்சு முட்டும்.

அந்த உலையில் வெப்பத்தை எடுத்துச் செல்வது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். பராமரிப்பு வேலையின் குணமே இங்குதான் மாறுகிறது. சோடியம் 98 டிகிரிக்குக் கீழே வந்தால் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். அதனால் குழாய் நெடுகிலும் சூடேற்றும் கம்பிகள், வெப்பம் அளக்கும் உணரிகள், கசிந்தால் காட்டிக்கொடுக்கும் கருவிகள். ஒரு சூடேற்றி பழுதானால் அந்த இடத்தில் சோடியம் கட்டியாகி நிற்கும். காற்று பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். ஆகவே அதற்கு மேலே ஆர்கான் வாயுவைப் போர்த்தி வைத்திருப்பார்கள். தீயணைக்கத் தண்ணீரைத் தொடவே கூடாது, உலர்தூள்தான். இன்னொரு சங்கடம், சோடியம் ஒளி புகாத திரவம். உள்ளே எரிபொருள் கட்டு எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. கருவி சொல்வதை நம்பித்தான் நகர்த்த வேண்டும். 1987-இல் அப்படி எரிபொருளைக் கையாளும்போது ஒரு கட்டு வளைந்துபோய், பழுதைச் சரிசெய்து உலையை மறுபடி இயக்க 2 ஆண்டுகள் ஆயின. 2002-இல் 75 கிலோ சோடியம் கசிந்தது. சுத்திகரிப்பு அறைக்கு உள்ளேயே அடங்கிவிட்டது. இவற்றை நான் மறைக்க விரும்பவில்லை. உங்கள் மகள் படித்த படிப்புக்கு அங்கே என்ன மதிப்பு என்பதையும் இந்த இரண்டு நிகழ்வுகளே சொல்லும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கருவிதான் கண். அந்தக் கண்ணைத் துடைத்து வைப்பது இன்ஸ்ட்ரூமென்டேஷன் ஆள்.

காத்திருப்பதும் அங்கே ஒரு வேலை. உலைக்குள் சுற்றிவரும் சோடியம் கதிரியக்கம் உள்ள சோடியம்-24 ஆக மாறியிருக்கும். அதன் அரை ஆயுள் 15 மணி நேரம். உலையை நிறுத்தியவுடன் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓட முடியாது. 15 மணிக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, ஆறேழு நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகும். அதற்கு முன் அந்தப் பகுதியில் பழுது பார்க்கும் பேச்சே இல்லை. மோட்டார் எரிந்தால் அன்று இரவே டார்ச் அடித்துக் கழற்றிப் பார்க்கும் நம் வழக்கத்துக்கு இது நேர் எதிர்.

இனி கதிர்வீச்சு. நாம் எல்லோரும் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சைப் பெற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். வயிற்றுக்கு ஒருமுறை சி.டி. ஸ்கேன் எடுத்தால் 7 முதல் 10 வரை. அணுத்துறை ஊழியருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு, 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. இது தாண்டக் கூடாத கோடு; அதைத் தொடும்வரை வாங்கிக்கொள்ளலாம் என்பது பொருள் அல்ல. சட்டையில் குத்தும் பேட்ஜ் எவ்வளவு வாங்கினோம் என்று கணக்கு வைக்கும். வெளியே வரும்போது கை கால்களை வைத்துப் பார்க்கும் கருவி உண்டு. உள்ளே காபி குடிக்க முடியாது, மிட்டாய் மெல்ல முடியாது. வாய்வழி உடலுக்குள் போகும் கதிரியக்கத் தூசிதான் அங்கே கவனிக்க வேண்டிய எதிரி.

நீங்கள் அடித்துவிட்ட வரிக்கு வருகிறேன். பெண் ஊழியர் கருவுற்றிருப்பது தெரிந்தவுடன் அதைத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு பிரசவம் வரைக்கும் கருவுக்கு 1 மில்லிசீவர்ட் என்பதே வரம்பு. பொதுமக்களுக்கு ஓர் ஆண்டுக்கு வைத்திருக்கும் அதே அளவு. அதற்கேற்றபடி வேலையிடத்தை மாற்றித் தர வேண்டும். அதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து விலக்கக் கூடாது. ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எந்தத் தொழிற்சாலையிலும் இருக்கும் மின்சாரம், உயரம், சூடான குழாய் ஆகியவை அங்கேயும் உண்டு. என்னைக் கேட்டால் அவற்றைத்தான் முதலில் சொல்வேன். சுனாமியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகு ஓடிக்கொண்டிருந்தது. பம்பு அறைக்குள் கடல்நீர் புகுந்ததும் அதைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். உயிர்கள் போனது கடலோரக் குடியிருப்பில்.

ஆக, நான் உங்கள் இடத்தில் இருந்தால் பயப்படுவது வேறு ஒன்றுக்கு: சலிப்புக்கு. விடியற்காலை மூன்று மணி ஷிப்டில், கடந்த இருநூறு முறையும் ஒரே எண்ணைக் காட்டிய மீட்டரை இருநூற்று ஒன்றாவது முறையும் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். மேல் வரியில் இருக்கும் எண்ணைப் பார்த்துக் கீழே எழுதிவிட்டால் அன்றைக்கு எவருக்கும் தெரியாது. ஒரே அளவை மூன்று தனித்தனிக் கருவிகள் பார்த்து, இரண்டு ஒத்துச் சொன்னால் உலை தானாக நிற்கும் என்பதுபோன்ற ஏற்பாடுகள் இத்தகைய இடங்களில் உண்டு. அந்த மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று முறைப்படி ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதுவது மனிதர்தான். அவர் பார்க்காமல் எழுதினால் மூன்று இருந்தும் பயன் இல்லை. உங்கள் பெண்ணுக்கு அங்கே காத்திருக்கும் சோதனை இதுதான்.

அவளுக்கு அந்தப் பொறுமை இருந்தால் தயங்காமல் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். டிப்ளமோவிலோ பி.எஸ்சி.யிலோ 60 சதவீதம் பெற்றவர்கள் முதல் வகைப் பயிற்சிக்கு எழுதலாம், ஐ.டி.ஐ., பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டாம் வகை. முதல்கட்டத் தேர்வில் கணிதம், அறிவியல், பொது அறிவு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள். பிறகு பாடத் தேர்வு, முதல் வகைக்கு நேர்காணல். அறிவிப்பு ஆண்டுதோறும் வரும் என்று சொல்ல முடியாது. வயது வரம்பையும் ஒப்பந்தப் பத்திரத்தையும் வரிக்கு வரி படியுங்கள். இடம் வாங்கித் தருகிறேன் என்று எவனாவது வீட்டுக்கு வந்தால் மோர்கூடக் கொடுக்காமல் அனுப்புங்கள். தேர்வானாலும் நான் சொன்ன உலைகளில்தான் போடுவார்கள் என்று உறுதி இல்லை. பயன்படுத்திய எரிபொருளுக்கான மறுசுழற்சி ஆலை, உலோகவியல் கூடம் என்று பல பிரிவுகள் உண்டு. உலையை இயக்கும் பணிக்குப் போட்டால் உரிமத் தேர்வு எழுத வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். படிப்பு முடிந்தது என்ற பேச்சே அங்கே கிடையாது.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். டிப்ளமோவோடு சேர்ந்தால் சயின்டிஃபிக் அசிஸ்டென்ட், பி.இ. முடித்து பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஓராண்டுப் பயிற்சிப் பள்ளி வழியாகச் சேர்ந்தால் சயின்டிஃபிக் ஆபீசர். இரண்டு படிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி வேலை பார்க்கும் காலம் முழுவதும் உறுத்தும். அந்தப் பள்ளியின் ஒரு கிளை கல்பாக்கத்திலேயே நடக்கிறது. ஆனால் அதற்கான போட்டி கடுமை. கையில் வரும் வாய்ப்பை விட்டுவிட்டு அதற்காக மட்டும் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பி.இ. விண்ணப்பத்தையும் போடுங்கள், இந்தத் தேர்வையும் எழுதட்டும். எது முதலில் கைக்கு வருகிறது என்று பார்த்துப் பேசலாம்.

அடுத்த ஞாயிறு காலை நான் வீட்டில்தான் இருப்பேன், அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். மதிப்பெண் பட்டியல் தேவையில்லை. ஆய்வுக்கூடத்தில் அவள் அளவுகளைக் குறித்து வைத்த அப்சர்வேஷன் நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அட்டை போட்டு அழகாக எழுதிய ரெக்கார்டு வேண்டாம். அதை முந்தைய ஆண்டு மாணவனின் ரெக்கார்டைப் பார்த்தும் எழுதியிருக்கலாம். அப்படிப் பார்த்து எழுதாத பிள்ளையை என் முப்பது ஆண்டு வாத்தியார் வேலையில் விரல்விட்டு எண்ணிவிடுவேன். அடித்தல் திருத்தலோடு, கணக்கில் ஒத்துவராத அளவை ஒத்துவரவில்லை என்றே எழுதி வைத்த நோட்டு இருந்தால், அதைத்தான் நான் பார்க்க வேண்டும்.