கிழக்கு விலாங்கு, மேற்கு விலாங்கு

அன்புள்ள ஐயா,

ஏப்ரலில் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். நல்ல உணவகங்களுக்கு மிஷலின் வழிகாட்டி கொடுக்கிற நட்சத்திரம் உலகத்திலேயே டோக்கியோவுக்குத்தான் அதிகம் என்கிறார்கள். அப்படியானால் நல்ல சாப்பாட்டையெல்லாம் அங்கேயே முடித்துக்கொண்டு, ஒசாகாவில் ஊர் மட்டும் சுற்றலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அதை மட்டும் செய்துவிடாதீர்கள். ஆசியாவில் மிஷலின் முதலில் வழிகாட்டி போட்டது டோக்கியோவுக்குத்தான், 2007இல். பட்டியலைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது கடையைத்தான் எடைபோடுகிறது. ஊருக்கு ஊர் பக்குவம் மாறுவது அதில் பிடிபடாது.

விலாங்கு மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் முதுகைக் கீறிப் பிளந்து, குச்சியில் கோத்துத் தணலில் வாட்டி, ஆவியில் வேகவைத்து, அப்புறம் இனிப்புச் சோயாச்சாறு தடவி மறுபடி வாட்டுகிறார்கள். வாயில் போட்டதும் கரைந்துவிடும். ஒசாகா பக்கம் வயிற்றைக் கீறுவார்கள். ஆவி கிடையாது, நேரே தணல்தான். தோல் மொறுமொறுவென்று இருக்கும், கொழுப்பு அப்படியே நிற்கும். டோக்கியோ சாமுராய் வீரர்கள் இருந்த ஊர், மானம் காக்க வயிற்றைக் கிழித்துச் சாவது அவர்கள் வழக்கம், அதனால் மீனின் வயிற்றைக் கிழிப்பது அபசகுனம் என்று காரணம் சொல்வார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது. என் ஓட்டு ஒசாகாவுக்கு.

உதோன் என்கிற தடித்த கோதுமை நூடுல்ஸின் சாறும் இப்படித்தான். கிழக்கே டோக்கியோ பக்கம் கருவாட்டுச் சீவலும் கறுப்புச் சோயாவுமாகக் கறுத்துக் கிடக்கும். மேற்கே ஒசாகாவில் கிண்ணத்தின் அடி தெரியும். வடக்குத் தீவான ஹொக்கைடோவின் கொம்பு என்கிற கடற்பாசி எடோ காலத்திலேயே (1603–1868) கப்பல் கப்பலாக ஒசாகாவில் வந்திறங்கியது. சாற்றுக்கு ருசி அதிலிருந்துதான். நிறம் வெளிறியிருக்கிறதே என்று உப்பு கேட்டுவிடாதீர்கள், அங்கே சேர்க்கிற வெளிர் சோயாவில் உப்பு கூடுதல். நிஸ்ஸின் கம்பெனி தன் டொன்பே கப் உதோனையே கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று என்று தனித்தனிச் சாறோடு விற்கிறது. இரண்டு ஊரிலும் ஆளுக்கொன்று வாங்கி அறையிலேயே சாப்பிட்டுப் பாருங்கள், செலவு அதிகமில்லை.

பட்டியலில் இல்லாத கடை மட்டம் என்றும் நினைக்க வேண்டாம். மூன்று நட்சத்திரம் வைத்திருந்த டோக்கியோ சூஷிக் கடை சுகியாபாஷி ஜிரோ 2019இல் பட்டியலிலிருந்து போனது, பொதுமக்கள் முன்பதிவு செய்ய முடியாது என்பதால்தான். கியோத்தோ நகரின் பழைய விருந்து விடுதிகள் சிலவற்றில் தெரிந்தவர் சொல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். குழந்தைகளோடு போகிற உங்களுக்கு அதெல்லாம் எதற்கு? கடைகளுக்குச் சாப்பிட்டவர்கள் ஐந்துக்கு மதிப்பெண் போடுகிற, ஜப்பானியர்களே பார்க்கிற டபெலாக் இணையதளம் போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: அங்கே 3.5 வந்தாலே நல்ல கடை. நம்மூர்ப் பழக்கத்தில் நாலரைக்குத் தேடினால் பட்டினிதான்.