ஏழடி இளைஞருக்கு எத்தனை ஆண்டு பொறுப்பது?

கேள்வி: அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் நான் நெடுநாளாகப் பார்த்துவரும் அணி, சென்ற ஆண்டு டிராஃப்டின் (புதிய இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முதல் சுற்றில், வளையத்தருகே ஆடும் சென்டராக 19 வயதான ஏழடி இளைஞர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. இப்போது அவருடைய இரண்டாவது பருவமும் பாதி முடிந்துவிட்டது. ஆட்டத்துக்குப் பத்து நிமிடங்கள்கூட அவர் களத்தில் நிற்பதில்லை. இறங்கிய சற்று நேரத்திலேயே இரண்டு, மூன்று ஃபவுல் வாங்கிக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பிவிடுகிறார். "இவர் தேறமாட்டார், வேறு அணிக்குக் கைமாற்றிவிட வேண்டியதுதான்" என்கிறார்கள் நண்பர்கள். "ஆடவிட்டால்தானே கற்றுக்கொள்வார்" என்பது என் வாதம். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் நண்பர்கள் அவசரப்படுகிறார்கள், உங்கள் வாதத்திலும் பாதிதான் உண்மை இருக்கிறது. உயரமான இளம் ஆட்டக்காரர் ஒருவர் வளர்கிறாரா என்பதை அவர் எடுக்கும் புள்ளிகளும், குறி தவறித் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டுகளும் மிகத் தாமதமாகத்தான் காட்டும். ஆறு மாதத்துக்கு முன்பு செய்த அதே தவறுகளையே இன்றும் செய்கிறாரா, அல்லது அவற்றை விட்டுவிட்டுப் புதிய தவறுகளைச் செய்யத் தொடங்கியிருக்கிறாரா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பந்தைக் கையாளும் கார்டு ஒருவர் சிறு வயதிலிருந்தே பந்தும் கையுமாக வளர்ந்தவர். சென்டருக்கு அந்த வாய்ப்புப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பள்ளி அணியில் அவர் வளையத்தின் கீழே நின்று கையை உயர்த்தினாலே போதுமானதாக இருந்திருக்கும். எனவே கால்களை எப்படி வைப்பது, எப்போது நகர்வது, எங்கே நிற்பது என்பதையெல்லாம் அவருக்குக் கற்றுத்தர வேண்டிய தேவையே யாருக்கும் எழுந்திருக்காது. தொழில்முறை ஆட்டத்தில் எதிரே நிற்பவரும் அதே உயரம், வயதில் எட்டுப் பத்து ஆண்டு மூத்தவர், உடல் எடையிலும் மிஞ்சியவர் என்று ஆகும்போது, அதுவரை அவரைக் காப்பாற்றிவந்த ஒரே ஆயுதம் முதல் நாளிலேயே பறிபோய்விடுகிறது.

போதாக்குறைக்கு, தடுப்பாட்டத்தில் களத்திலேயே மிகக் கடினமான வேலை அவர் தலையில்தான் விழுகிறது. எதிரணி பிக் அண்ட் ரோல் ஆடும்போது, அதாவது ஒருவர் தடுப்பாளரின் வழியை உடலால் மறித்து (இதுதான் ஸ்கிரீன்) பந்தோடு வரும் தோழருக்கு வழி உண்டாக்கும்போது, பந்தோடு வருபவரை மறிக்க அவர் முன்னேறினால், ஸ்கிரீன் வைத்த ஆள் அவருக்குப் பின்னால் வளையத்தை நோக்கி ஓடிவிடுவார். பின்வாங்கி வளையத்தருகே நின்றால், பந்து வைத்திருப்பவர் நடுத்தூரத்திலிருந்தே நிதானமாக எறிந்துவிடுவார். இவ்விரண்டில் எதைச் செய்வது என்பதை அரை நொடிக்குள் முடிவு செய்ய வேண்டும். அத்தோடு, வளையத்துக்கு முன்னே கடைசி ஆளாக நிற்பவர் என்பதால் களம் முழுவதும் அவர் கண்ணுக்குத்தான் தெரியும். ஸ்கிரீன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மற்ற நால்வருக்கும் உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியவரும் அவரே. முப்பது வயது நட்சத்திரங்களைப் பார்த்து, "இடது பக்கம் போ" என்று இருபது வயதுப் பையன் கத்துவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் சொல்லும் ஃபவுல்களுக்கும் இதுதான் வேர். கைகளைச் செங்குத்தாக உயர்த்தி, நின்ற இடத்திலிருந்து நேராக மேலே குதிக்கும் தடுப்பாளர்மீது எதிராளி வந்து மோதினால் அது தடுப்பாளரின் ஃபவுல் ஆகாது. விதியைப் படிக்க ஒரு நிமிடம் போதும். அதைக் களத்தில் நிறைவேற்ற ஆண்டுகள் பிடிக்கும். எதிராளியின் நோக்கத்தை அரை நொடி தாமதமாகப் புரிந்துகொள்பவர், அந்தத் தாமதத்தை ஈடுகட்டக் கையைக் கீழே இறக்கியோ முன்பக்கம் சாய்ந்தோ குதித்தோ விடுகிறார்; விசில் ஊதிவிடுகிறது. 48 நிமிட ஆட்டத்தில் ஆறாவது ஃபவுலோடு வெளியேற வேண்டும் என்றிருக்க, முதல் ஐந்து நிமிடங்களில் மூன்று வாங்குபவரைப் பயிற்சியாளர் பெஞ்சுக்கு அழைப்பதைக் குறைசொல்ல முடியாது.

ரூடி கோபேரை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 டிராஃப்டில் 27ஆவதாகத் தேர்வாகி யூட்டா ஜாஸ் அணிக்கு வந்த அவருக்கு முதல் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்து நிமிடங்கள்கூடக் கிடைக்கவில்லை. இடையில், இளம் ஆட்டக்காரர்கள் ஆடிப் பழகும் கீழ்மட்ட வளர்ச்சி லீக்குக்கும் அனுப்பப்பட்டார். பந்தைச் சரியாகப் பிடிக்கவே தெரியவில்லையே என்று அன்று சலித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். அதே கோபேர் பின்னாளில் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை நான்கு முறை வென்றார்.

இனி, "ஆடவிட்டால் கற்பார்" என்ற உங்கள் வாதத்துக்கு வருகிறேன். ஆடும் நேரம் தேவைதான். ஆனால் அது எந்த மட்டத்தில் கிடைக்கிறது என்பது முக்கியம். 2003இல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி இரண்டாவது தேர்வாக எடுத்த டார்கோ மிலிசிச்சுக்கு அப்போது வயது 18. அந்தப் பருவத்திலேயே கோப்பையை வென்ற அணி அது. அப்படிப்பட்ட அணியில் இளைஞர் தவறு செய்து கற்பதற்கு இடம் ஏது? முடிவு தெரிந்துவிட்ட ஆட்டங்களின் கடைசி நிமிடங்களில்தான் அவர் பெரும்பாலும் இறக்கப்பட்டார். பிற்பாடு வேறு அணிகளில் ஓரளவு நேரம் கிடைத்தும் அவர் பெரிதாகச் சோபிக்கவில்லை என்பதால், பழி முழுவதையும் டெட்ராய்ட்மீது சுமத்துவதும் நியாயமாகாது.

நிகோலா யோக்கிச்சின் கதை நேர்மாறானது. 2014இல் 41ஆவதாக அவரைத் தேர்ந்தெடுத்த டென்வர் நகெட்ஸ், உடனே அமெரிக்காவுக்கு அழைத்துப் பெஞ்சில் உட்காரவைக்காமல், இன்னும் ஓராண்டு செர்பியாவிலேயே ஆடவிட்டது. அங்கே ஆட்டம் முழுக்க அவரைச் சுற்றி நடந்தது. அந்தப் பருவத்தில் ஏட்ரியாட்டிக் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் என்ற பெயரோடுதான் 2015இல் டென்வருக்கு வந்து சேர்ந்தார். என்.பி.ஏ.வில் அதே விருதைப் பின்னர் மூன்று முறை பெற்றார். எல்லாரும் யோக்கிச் ஆகிவிட முடியாது. ஆனால் உங்கள் அணி தன் சென்டரை ஜி லீக்குக்கு (முன்பு வளர்ச்சி லீக் எனப்பட்டது) அனுப்பி, அங்கே ஆட்டத்துக்கு 30 நிமிடங்கள் ஆடவைத்தால், அதைத் தண்டனை என்று எண்ணி வருந்த வேண்டாம். பெரிய அரங்கில் பயந்து பயந்து ஆடும் எட்டு நிமிடங்களைவிட அது பல மடங்கு பயன் தரும்.

பெஞ்சில் கழியும் காலம் எப்போதும் வீண் என்றும் சொல்வதற்கில்லை. ஜெர்மெய்ன் ஓ'நீல் 1996இல் பள்ளியிலிருந்து நேராகப் போர்ட்லாந்து அணிக்கு வந்து, ரஷீத் வாலஸ், அர்விதாஸ் சபோனிஸ் போன்றவர்களின் நிழலில் நான்கு ஆண்டுகள் கிடந்தார். 2000இல் இந்தியானா பேசர்ஸுக்கு மாறியதும் முதல் ஐவரில் இடம்பிடித்தார். 2002இல் மிகவும் முன்னேறிய ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். தொடர்ந்து ஆறு முறை, லீக்கின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். உங்கள் நண்பர்கள் இதை அவசியம் நினைவில் கொள்ள வேண்டும்: நான்கு ஆண்டு பொறுத்திருந்து, கனி பழுக்கும் நேரத்தில் அதை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தது போர்ட்லாந்து.

உடலைப் பற்றியும் ஒரு சொல். ஒல்லியான இளைஞரை ஒரே கோடையில் பயில்வான் ஆக்கிவிடும் ஆசை ரசிகர்களுக்கு உண்டு. ஏழடி உயரத்தவரின் பாதமும் முழங்காலும் ஏற்கெனவே பெரும் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. 2007இல் முதல் தேர்வாக வந்த கிரெக் ஓடன், முழங்கால் அறுவைச் சிகிச்சையால் முதல் பருவத்தை முழுதாக இழந்து, மொத்தமே 105 ஆட்டங்களோடு விடைபெற நேர்ந்தது. 2014இல் மூன்றாவதாகத் தேர்வான ஜோயல் எம்பீட், பாத எலும்பு முறிவால் இரண்டு பருவங்கள் களமிறங்கவே இல்லை. இறங்கிய பிறகும் நிமிடக் கணக்கு வைத்தே ஆடவிட்டார்கள். 2023இல் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆனார். உங்கள் சென்டரின் எடை மெதுவாகக் கூடுகிறதென்றால் மகிழுங்கள்.

யார் கற்றுத்தருகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். முதல் பெரிய சென்டரான ஜார்ஜ் மைக்கன், டிபால் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது தடுமாறும் கால்களோடுதான் வந்தார். பயிற்சியாளர் ரே மேயர் அவரைக் கயிறு தாண்டவைத்தார், நடனம்கூடக் கற்கவைத்தார். வளையத்தின் இடமும் வலமும் மாறி மாறி, பந்தைத் தோளுக்குக் கீழே இறக்காமல் லே-அப் (வளையத்தருகே சென்று பந்தை மென்மையாக உள்ளே போடுதல்) போடும் பயிற்சிக்கு இன்றும் மைக்கன் பெயர்தான். சென்டருக்கான கலை பெரும்பாலும் காலில்தான் இருக்கிறது. தொலைவிலிருந்து எறிந்து மூன்று புள்ளி எடுப்பதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்: புரூக் லோபெஸ் முதல் எட்டுப் பருவங்களில் வெறும் மூன்று முறை அப்படிப் புள்ளி எடுத்தவர், ஒன்பதாவது பருவத்தில் 134 முறை எடுத்தார். அவர் ஃப்ரீ த்ரோவை (ஃபவுலுக்கு ஈடாகத் தடுப்பாரின்றி எறியும் வாய்ப்பு) நன்றாக எறிபவர் என்பதால் அதில் எனக்கு வியப்பில்லை. உங்கள் இளைஞர் ஃப்ரீ த்ரோ கோட்டில் எப்படி நிற்கிறார் என்று பாருங்கள்.

ஆக, அடுத்த பத்து ஆட்டங்களில் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். ஃபவுல் வாங்கும்போது கை கீழே இறங்கியதா, நேராகக் குதித்தும் ஒரு கணம் பிந்திவிட்டாரா? முன்னது சென்ற ஆண்டின் தவறு, பின்னது இந்த ஆண்டின் தவறு என்றிருந்தால் அவர் வளர்கிறார். தடுப்பாட்டத்தில் அவர் வாய் அசைகிறதா? தவறு செய்த பிறகு பெஞ்சைத் திரும்பிப் பார்க்கிறாரா, அடுத்த ஆளை நோக்கி ஓடுகிறாரா? இவற்றில் எதிலும் மாற்றமே இல்லையென்றால் நண்பர்கள் சொல்வதை நானும் ஒப்புக்கொள்வேன்.

கைமாற்றும் பேச்சுக்கு இன்னும் காலம் இருக்கிறது. முதல் சுற்றில் தேர்வானவரின் ஒப்பந்தத்தில் முதல் இரண்டு பருவங்கள் உறுதியானவை. மூன்றாவதையும் நான்காவதையும் நீட்டிப்பதா என்பதை அணி ஓராண்டு முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். மூன்றாம் பருவத்துக்கான முடிவு முன்பே எடுக்கப்பட்டிருக்கும். நான்காவதை ஏற்கிறார்களா என்பது வரும் அக்டோபர் இறுதிக்குள் தெரிந்துவிடும். அவரைத் தினமும் பயிற்சியில் பார்ப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது அன்று உங்களுக்கும் புலப்படும்.