சம்பளமில்லாத வேலைக்கு ஏன் இந்த இரவு விழிப்பு?

வட்டக்கச்சியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகன் வவுனியாப் பல்கலைக்கழகத்தில், பம்பைமடுவில் படிக்கிறான். லீவுக்கு வீட்டுக்கு வந்தாலும் விடியுமட்டும் லப்டொப்போடுதான். யார் யாரோ வெளிநாட்டாரோடு சேர்ந்து இலவசமாக மென்பொருள் செய்கிறானாம். இப்போது பன்னிரண்டு பேரைக் குழுக்களாகப் பிரிக்கும் பொறுப்பையும் இவனிடம் கொடுத்துவிட்டார்கள். படிப்புக் கெட்டுப்போகாதா சேர்?"

அம்மா, மகன் செய்வதைத் திறமூல மென்பொருள் என்பார்கள்: அதன் நிரலை எவரும் பொதுவெளியில் திறந்து பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம். இரணைமடு வாய்க்கால் துப்புரவாக்கும் சிரமதானத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாற்பது பேர் மண்வெட்டியோடு வருவார்கள். "நீங்கள் ஐந்து பேரும் மதகிலிருந்து அந்த மருத மரம் மட்டும்" என்று ஒருவர் பிரித்துவிடாவிட்டால் அத்தனை பேரும் தேத்தண்ணீர் வாளிக்குக் கிட்டத்தான் வெட்டிக்கொண்டு நிற்பார்கள். மகன் செய்யப்போவதும் அந்தப் பிரிப்பு வேலைதான். கூலி கொடுக்காதவர்களிடம் அதட்டி வேலை வாங்க முடியாது. பிடிக்காவிட்டால் சொல்லாமலே போய்விடுவார்கள். கொம்பனி மனேஜருக்குக்கூட இவ்வளவு கஷ்டமில்லை.

பிரிப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பன்னிரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசித்தான் ஒவ்வொன்றையும் முடிவுசெய்வதென்றால் 66 சோடிகள். நாலு நாலு பேராக மூன்று குழுவாக்கினால் குழுவொன்றுக்கு 6 சோடிகள், மூன்று பொறுப்பாளர்களுக்கிடையே 3, மொத்தம் 21. ஆனால் தலையை எண்ணிப் பிரித்துவிட்டால் மட்டும் இந்தக் கணக்கு பலிக்காது. மென்பொருளையே துண்டுகளாக்கி, ஒரு குழு தன் துண்டை முடிக்க மற்றக் குழுவிடம் அடிக்கடி கேட்கத் தேவையில்லாதபடி பிரிக்க வேண்டும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருவில் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள் அது) எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று ஒரு கோப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். திருத்தம் அனுப்புகிறவர் அந்தப் பொறுப்பாளரைத் தேடிப் போவார். எல்லாரும் டோர்வால்ட்ஸின் வாசலில் வரிசையில் நிற்பதில்லை.

என் அனுபவம் ஒன்று. பழைய மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு இணையத்தளம் செய்யப்போனோம். முகப்பு நீலமா பச்சையா என்று ஆறு மாதம் பேசினோம். தகவல்களைச் சேமித்து வைக்கும் தரவுத்தளத்தை ஒருவரும் தொடவில்லை. அது எவருடைய பெயரிலும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவருக்கு முதலில் ஒரு மாலைக்குள் முடியக்கூடிய சின்ன வழு (மென்பொருளில் உள்ள பிழை) ஒன்றைத் திருத்தக் கொடுக்கச் சொல்லுங்கள். சோதித்துப் பார்ப்பது, விளக்கக் குறிப்பு எழுதுவது, தமிழாக்குவது எல்லாம் குறைந்த வேலை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். கோட் எழுதத் தயங்குகிறவர்கள் அந்த வாசலால்தான் உள்ளே வருகிறார்கள். முடிவுகளை எழுத்தில் வைக்கவும் வேண்டும். ஒருவர் கனடாவில் விழித்திருக்கும்போது மற்றவர் இங்கே தூக்கம்.

இதனால் என்ன பலன் என்று கேட்பீர்கள். 2004 டிசம்பர் சுனாமி முல்லைத்தீவுக் கரையை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்போது இலங்கையின் தன்னார்வ நிரலாளர்கள் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய எழுதத் தொடங்கியதுதான் 'சஹானா' என்ற திறமூல மென்பொருள். பிறகு வேறு நாடுகளின் பேரிடர்களிலும் அது பயன்பட்டது. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் கிடைத்தது.

வேலை விஷயத்துக்கு வருவோம். கொழும்பில் தெரிந்தவர் எவருமில்லாத வன்னிப் பிள்ளைக்குப் பொதுவெளியில் கிடக்கும் இந்த வேலைப் பதிவு நல்ல சிபாரிசு. யார் எதைத் திருத்தினார், சண்டை வந்தபோது எப்படிப் பேசினார் என்று நேர்முகம் வைப்பவர் தானே திறந்து பார்க்கலாம். 'குழுத் தலைவர்' என்று மட்டும் சீவியில் எழுதினால் ஒருவரும் மதிக்கப்போவதில்லை. 2005 முதல் கூகுள் நடத்தும், புதியவர்களைத் திறமூல மென்பொருளுக்குக் கோட் எழுத வைக்கும் சமர் ஒஃப் கோட் திட்டத்தில் தெரிவானால் உதவித்தொகையும் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் பலர் அதில் இடம்பிடித்திருக்கிறார்கள்.

உங்கள் பயமும் பிழையில்லை. செமஸ்டர் பரீட்சை தவறினால் இந்தப் பதிவு அதை ஈடுசெய்யாது. கிழமைக்கு எட்டு மணித்தியாலம், அதற்குமேல் இல்லை என்று மகனோடு பேசி முடிவெடுங்கள். பரீட்சைக்கு மூன்று கிழமை முன்பே பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு விலகட்டும். அவர் இல்லாமல் வேலை நின்றுபோனால் குழுவைச் சரியாகப் பிரிக்கவில்லை என்று அவருக்கே விளங்கும். இன்றிரவு சாப்பிடும்போது ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: "நீ இல்லாத நாளில் உன்னுடைய இடத்தில் ஆர் தம்பி?" பெயர் உடனே வந்தால் நீங்கள் நேரத்துக்குப் படுக்கலாம்.