சொட்டு மருந்து யாரு விடுறா?

கேள்வி: நான் சென்னையில வீடியோ எடிட்டர், வயசு 27. எங்க அப்பாயி 1974-ல சிலோன் டீ எஸ்டேட்லேர்ந்து நீலகிரி மலையில இருக்குற கொளப்பள்ளிக்கு வந்தவங்க. அவங்களப் பத்தி நினைவு, அடையாளம், ஏக்கம்னு 18 நிமிஷ ஷார்ட் ஃபிலிம் எடுத்தேன். கப்பல் வந்து இறங்குன இடம்னு தனுஷ்கோடி இடிஞ்ச சர்ச்ச ட்ரோன்ல எடுத்து ஓப்பனிங்ல வச்சிருக்கேன். மூணு வாரம் முன்ன அப்பாயிக்கு கண்புரை ஆபரேஷன், அதுக்குக்கூட போகாம சப்மிஷனுக்கு உக்காந்து முடிச்சேன், அத்தைதான் பாத்துக்கிட்டாங்க. ஆனாலும் நாலு ஃபெஸ்டிவல்ல ரிஜெக்ட். பிளாக் அண்ட் ஒயிட்டா மாத்தவா, வாய்ஸ் ஓவர் சேக்கவா?

பதில்: தம்பி, ரிஜெக்ட் ஆனதுக்கு ஆறுதல் சொல்ல வேற ஆளப் பாரு. பாட்டி, ஜன்னல், மழை, பின்னாடி புல்லாங்குழல்னு இந்த மாதிரி படம் எடுத்துட்டு யாருமே புரிஞ்சுக்கலன்னு எழுதுற பிள்ளைங்க லெட்டர் எனக்கு வந்துகிட்டேதான் இருக்கு.

"அதுக்குக்கூட போகாம"ன்னு எழுதிருக்க பாரு, அங்கதான் எனக்கு சுருக்னுச்சு. அத ஏதோ பெரிய தியாகம் மாதிரி எழுதிருக்க. அத்தை எஸ்டேட் வேலைன்னா லீவு போட்ட அன்னிக்கு கூலி கெடையாது, அந்தம்மா கூலிய விட்டுட்டு ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கும்போது நீ ரூம் கதவ சாத்திக்கிட்டு அப்பாயியோட ஏக்கத்துக்கு கலர் கரெக்‌ஷன் பண்ணிட்டு இருந்திருக்க. அவங்க ஏங்குனது யாருக்குன்னு நெனச்ச?

இந்த லட்சணத்துல படம் எப்டி உருப்படும்? தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயல்லயே போயிருச்சு. சிலோன் பிரதமர் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தமே அதுக்கு ரெண்டு மாசம் முன்னதான், அக்டோபர்ல, கையெழுத்தாச்சு, அங்க இருந்த இந்திய வம்சாவளி ஆளுங்கள்ல அஞ்சேகால் லட்சம் பேர இந்தியா எடுத்துக்கும்னு. 74-ல வந்த உங்க அப்பாயி தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல எறங்கிருப்பாங்க, அங்கேர்ந்து வந்தவங்கள மொதல்ல தங்க வச்ச மண்டபம் கேம்ப், அப்புறந்தான் மலை. சிலோன்லேர்ந்து வந்தவங்களுக்கு வேலை குடுக்கத்தான் 1968-ல டான்டீங்கிற தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டமே போட ஆரம்பிச்சாங்க. இதெல்லாம் அப்பாயிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லிருப்பாங்க, நீ ட்ரோன்காரன கேட்டிருக்க. இடிஞ்ச சர்ச் ஃபிரேம்ல அழகா இருக்கும்தான், இல்லங்கல, ஆனா அது உங்க அப்பாயி வாழ்க்கை இல்ல.

பெரியவங்கள பாத்துக்குறது வேற, கலை வேறன்னு சொல்ற பசங்கள எனக்கு சுத்தமா பிடிக்காது. பேரன்னா ஆபரேஷன் அன்னிக்கு கதவுகிட்ட நிக்கணும், அவ்ளோதான். ஃபெஸ்டிவல் எங்கயும் ஓடிப் போயிடாது, திருவனந்தபுரத்துல டாக்குமெண்டரிக்கும் ஷார்ட் ஃபிலிமுக்கும்னே 2008-லேர்ந்து விழா நடத்துறாங்க, அடுத்த வருஷம் அனுப்பு.

புரை ஆபரேஷனுக்கு அப்புறம் பொதுவா நாலஞ்சு வாரமாவது சொட்டு மருந்து விடுவாங்க, அப்பாயிக்கும் இன்னும் ஓடிட்டு இருக்கும். இந்த வாரமே கெளம்பு. கைய சோப்பு போட்டு கழுவிட்டு, கீழ் இமைய லேசா இழுத்து, பாட்டில் முனை கண்ணுல படாம ஒரு சொட்டு. ரெண்டு மருந்து குடுத்திருந்தா ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் அஞ்சு நிமிஷமாவது கேப் வேணும். அந்த அஞ்சு நிமிஷம் கண்ண மூடிக்கிட்டு அவங்க சும்மா இருக்க மாட்டாங்க, லயத்துல, அதான் எஸ்டேட் லைன் வீட்ல, பக்கத்து வீட்ல யாரு இருந்தா, காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்துல மேஸ்திரி கங்காணி யார திட்டுனான், கப்பல்ல யாரு வாந்தி எடுத்தான்னு ஏதாச்சும் வரும். கேமராவ எடுக்காத, கேட்டுக்கிட்டு உக்காரு. அப்புறமா அவங்களே "இத எழுதி வச்சுக்கடா"ன்னு சொன்னா எடு, அப்பவும் அவங்க குரலே போதும், வாய்ஸ் ஓவர் எதுக்கு?

பிளாக் அண்ட் ஒயிட்டான்னு என்கிட்ட கேக்காத. புரை எடுத்தவங்களுக்கு கலரெல்லாம் பளிச்சுன்னு தெரியும், அவங்களுக்கு போட்டுக் காட்டி அவங்களையே கேளு, தனுஷ்கோடிய பாத்து சிரிச்சாங்கன்னா நீயும் சிரிச்சுட்டு டிலீட் பண்ணு. போறப்ப அத்தைக்கு ஒரு நல்ல சேலையா எடுத்துட்டுப் போ, அவங்க விட்ட கூலிய கணக்கு போட்டு கையில குடு, வேணாம்பாங்க, விடாத.