மாசம் எவ்வளவுன்னு கேக்காதீங்க! – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவுல இருக்கற வாசகர்கள் கிட்டேர்ந்து இந்தத் தடவை கார் லீஸ் (காரை வாங்காம, சில வருஷம் மாசத் தவணை கட்டி ஓட்டிட்டுத் திருப்பிக் குடுக்கறது) பத்தித்தான் கேள்வி வந்து குவிஞ்சிருக்கு, அதுவும் எல்லாருமே ஊர் ஊரா ஒரு ஷீட் ஆரம்பிச்சு ரேட் சேக்கறாங்க போல. அதனால மத்த கேள்விகளுக்கு அடுத்த இதழ்ல.

கேள்வி: எங்க அபார்ட்மெண்ட்ல பாதிப் பேர் லீஸ் கார்தான். ஒரே மாடல், ஒரே மாசம் எடுத்தது, ஒருத்தருக்கு மாசம் 420 டாலர், பக்கத்து வீட்டுக்காரருக்கு 510. சரி, எல்லாரும் அவங்கவங்க தவணையப் போடுங்கன்னு கூகுள் ஷீட் ஒண்ணு தொறந்தோம். இப்ப ஷீட் நிறைய எண்ட்ரி இருக்கு, ஆனா யாருக்கு நல்ல டீல், யாரு ஏமாந்தாங்கன்னு ஒண்ணும் புரியல. எங்க கோட்டை விட்டோம்? – வாசகர், எடிசன், நியூஜெர்சி

பதில்: மாசத் தவணையக் கேட்டீங்களே, அங்கதான். தவணைங்கறது கூட்டாஞ்சோறு மாதிரி, காரோட விலை, கையிலேர்ந்து போட்ட முன்பணம், பழைய காரைக் குடுத்தது, வரி, வட்டி எல்லாம் அதுல ஒண்ணா வெந்து கெடக்கும். 4,000 டாலர் முன்னாடியே கட்டிட்டு "எனக்கு 299தான்"னு சொல்றவரு உங்க ஷீட்ல ஹீரோவாத் தெரிவாரு.

லீஸுக்குள்ள நெஜமா இருக்கறது மூணே நம்பர். ஒண்ணு, நீங்க பேசி முடிச்ச விலையில முன்பணம், தள்ளுபடி எல்லாம் கழிச்சு வர்ற அட்ஜஸ்டட் கேப் காஸ்ட். ரெண்டாவது ரெசிடுவல், அதாவது லீஸ் முடியறப்போ காருக்கு இவ்வளவு மதிப்பு இருக்கும்னு ஃபைனான்ஸ் கம்பெனி முன்கூட்டியே குறிக்கற தொகை, இதை ஸ்டிக்கர் விலையில, அதாவது கார்ல ஒட்டியிருக்கற கம்பெனி விலையில, இத்தனை சதவீதம்னு போடுவாங்க, இதுல பேரம் கெடையாது. மூணாவது மணி ஃபேக்டர், வட்டிதான், வேற வேஷம் போட்டு வருது. 2400-ஆல பெருக்குனா ஏறக்குறைய நமக்குத் தெரிஞ்ச வருஷ வட்டி கெடைக்கும், 0.00200-ன்னா 4.8 சதவீதம்.

கணக்காப் பாத்துருவோம். ஸ்டிக்கர் 40,000 டாலர், பேசி முடிச்சு கேப் காஸ்ட் 37,000, ரெசிடுவல் 60 சதவீதம்னா 24,000, 36 மாசம். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசமான தேய்மானம் 13,000, அதை 36-ஆல வகுத்தா மாசம் 361.11. வட்டிக்கு ரெண்டையும் கூட்டணும், 37,000-மும் 24,000-மும் 61,000, அதை 0.00200-ஆல பெருக்குனா 122. ஆக வரிக்கு முன்னாடி 483.11. இப்ப டீலர் சத்தமில்லாம மணி ஃபேக்டரை 0.00240 ஆக்கிட்டார்னு வைங்க. வட்டி 146.40 ஆயிடும், மாசம் 24.40 டாலர்தான் கூடுதல், யாரும் கவனிக்க மாட்டாங்க, ஆனா 36 மாசத்துக்கு 878 டாலர் போயிடுது. இப்படி ஏத்திக்க டீலருக்கு ஃபைனான்ஸ் கம்பெனிங்களே ஓரளவு எடம் குடுக்கும், கம்பெனி குடுக்கற அசல் ரேட்டுக்கு பை ரேட்னு பேரு. உங்க ஷீட் கண்டுபிடிக்க வேண்டியது இந்தப் பை ரேட்டைத்தான், வேற எதையும் இல்ல.

இதுல கூத்து என்னன்னா, 1976-ல கன்ஸ்யூமர் லீஸிங் ஆக்ட் வந்து, அதுக்கு ரெகுலேஷன் எம்னு விதியும் வந்து, காண்ட்ராக்ட்ல கேப் காஸ்ட், ரெசிடுவல், மொத்த ரெண்ட் சார்ஜ் (லீஸ் முழுக்க நீங்க கட்டற வட்டி) எல்லாம் வரிசையாக் காட்டியே ஆகணும்னு இருக்கு, ஆனா மணி ஃபேக்டரைக் காட்டணும்னு மட்டும் இல்ல! இருந்தாலும் பரவால்ல, திருப்பிப் போட்டா அதுவே வெளிய வந்துரும். காண்ட்ராக்ட்ல ரெண்ட் சார்ஜ் 5,270.40-ன்னு இருந்தா 36-ஆல வகுங்க, 146.40, அதை 61,000-ஆல வகுங்க, 0.00240. அவ்ளோதான். அதனால ஜனங்க கிட்ட மணி ஃபேக்டரையும் கேக்காதீங்க, காண்ட்ராக்ட்ல இருக்கற நம்பரை அப்படியே கேளுங்க, கணக்கை ஷீட் போடட்டும். மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில கட்டற லீஸுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, அதுக்குத் தனி டேப் வெச்சிருங்க.

கேள்வி: அப்ப ஷீட்ல வேற என்னென்ன காலம் (column) வேணும்? நாங்க பதினெட்டு காலம் வெச்சோம், ஒருத்தரும் நிரப்ப மாட்டேங்கறாங்க. – வாசகி, ப்ரிஸ்கோ, டெக்சாஸ்

பதில்: பதினெட்டுன்னா நானே ஓடிருவேன். மேல சொன்ன நம்பரோட மாடல், ட்ரிம் (அந்த மாடல்ல எந்த வகை), ஸ்டிக்கர் விலை, எத்தனை மாசம், வருஷத்துக்கு எத்தனை மைல், எந்த ஃபைனான்ஸ் கம்பெனி, எந்த மாநிலம், கையெழுத்துப் போட்ட தேதி, இது போதும். மைல் எதுக்குன்னா 10,000-க்கு பதிலா 15,000 எடுத்தா ரெசிடுவல் எறங்கிடும். கம்பெனி எதுக்குன்னா அதே காருக்கு டொயோட்டா ஃபைனான்ஷியல் குடுக்கற ரெசிடுவல் ஒண்ணு, வெளி பேங்க் குடுக்கறது ஒண்ணு. கிரெடிட் ஸ்கோரைக் கேக்காதீங்க, கூச்சப்படுவாங்க, டாப் டியரா (நல்ல ஸ்கோர் உள்ளவங்களுக்கான முதல் வகுப்பு ரேட்டா) இல்லையான்னு மட்டும் கேளுங்க, கிரெடிட் ஹிஸ்டரி இன்னும் சரியா சேராத புதுசா வந்த பசங்களோட ரேட்டை மத்தவங்களோட சேத்துப் பாத்தா கணக்கே கெட்டுரும்.

வரிய மட்டும் தயவுசெஞ்சு கலக்காதீங்க. உங்க டெக்சாஸ்ல காரோட முழு விலைக்கும் 6.25 சதவீதம் வரி விழுது, அதைப் பொதுவா லீஸ் எடுக்கறவங்க தலையிலதான் கட்டறாங்க. நியூஜெர்சியில லீஸ் தவணை மொத்தத்துக்கும் 6.625-ஐ ஆரம்பத்துலயே எடுத்துருவாங்க, கலிஃபோர்னியாவுல மாசா மாசம். மூணு ஊர்க்காரங்களும் வரியோட தவணையப் போட்டா அப்புறம் சண்டைதான் வரும்.

தேதிதான் உயிர். கம்பெனிங்க ரேட்டைப் பெரும்பாலும் மாசத்துக்கு ஒரு தடவை மாத்துது. ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒருத்தர் எடுத்த ரேட்டைக் காட்டி டீலர் கிட்ட வாதாடினா சிரிப்பான், அவன் சிரிக்கறதுல நியாயமும் இருக்கு. எலக்ட்ரிக் கார் எண்ட்ரி இருந்தா இன்னும் ஜாக்கிரதை, லீஸ் கம்பெனிக்குக் கெடைச்சு அதுல பலரும் நமக்குக் கழிச்சுக் குடுத்த 7,500 டாலர் ஃபெடரல் வரிச் சலுகை 2025 செப்டம்பர் 30-ஓட நின்னுபோச்சு, அதுக்கு முன்னாடி போட்ட எண்ட்ரியெல்லாம் இப்ப வெறும் ஏக்கம்தான், வேற நெறம் அடிச்சுத் தனியா வைங்க.

கேள்வி: சும்மா அள்ளி விடறாங்களோன்னு சந்தேகம், அதனால காண்ட்ராக்ட் போட்டோவை வாட்ஸ்அப் குரூப்ல போடச் சொல்லியிருக்கோம். சரிதானே? – வாசகர், ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

பதில்: ஐயா, இன்னைக்கே நிறுத்துங்க. அதுல பேரு, வீட்டு அட்ரஸ், கையெழுத்து, காரோட அடையாள எண்ணான விஐஎன் எல்லாம் இருக்கு, எவனாவது கூடவே கிரெடிட் அப்ளிகேஷனையும் சேத்து போட்டுட்டான்னா சோஷியல் செக்யூரிட்டி நம்பரும் போச்சு.

போட்டோ இல்லாமலே பொய்யைப் பெரும்பாலும் புடிக்கலாம். தேய்மானத்தையும் ரெண்ட் சார்ஜையும் கூட்டி மாசத்தால வகுத்தா காண்ட்ராக்ட்ல இருக்கற பேஸ் தவணை, அதாவது வரிக்கு முந்தின தவணை, வரணும். அதையும் ஒரு காலமாக் கேட்டு, ஒரு டாலருக்கு மேல இடிச்சா அந்த எண்ட்ரி சிவப்பாகற மாதிரி வெச்சிருங்க. கதை கட்டறவன் இத்தனை நம்பரையும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தக் கட்டறதுக்குள்ள சலிச்சுப் போயிருவான், தவிர பாதி சிவப்பு பொய்யா இருக்காது, ஒரு சைபரை விட்டிருப்பாங்க. எல்லாரும் ஃபார்ம் வழியாப் போடட்டும், ஷீட்டை நேரடியாத் திருத்தற உரிமை ரெண்டு பேருக்கு மேல வேண்டாம்.

கேள்வி: நாங்க கஷ்டப்பட்டு சேத்ததை எவனாவது காப்பி அடிச்சு வெப்சைட் போட்டு காசு பாத்தா கேஸ் போட முடியுமா? – வாசகர், எடிசன் பக்கத்துலேர்ந்தே

பதில்: கஷ்டம்தான். 1991-ல ஃபைஸ்ட் எதிர் ரூரல்னு ஒரு டெலிபோன் டைரக்டரி வழக்குல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தெளிவாச் சொல்லிடுச்சு, வெறும் தகவலுக்குக் காப்பிரைட் இல்ல, உழைச்சு சேத்தேங்கறதும் காரணமாகாதுன்னு. அடுக்கியிருக்கற விதத்துல ஏதாவது சொந்தச் சரக்கு இருந்தா அதுக்கு மட்டும் கொஞ்சம் பாதுகாப்பு. ஆனா காப்பி அடிக்கறவன் அன்னைக்கு இருக்கறதைத்தானே எடுத்துட்டுப் போவான், அடுத்த மாசம் ரேட் மாறினா என்ன பண்ணுவான்? நானா இருந்தா முதல் நாள்லேயே யாரு வேணாலும் எடுத்துக்கலாம்னு எழுதிப் போட்டுருவேன்.

கேள்வி: ஒரு டீலர்ஷிப் சேல்ஸ் மேனேஜர், நம்ம ஆள்தான், எங்க ஷீட்ல தானும் ரேட் போடறேன்னு கேக்கறார். சேத்துக்கலாமா? – வாசகி, ப்ரிஸ்கோ

பதில்: சேத்துக்குங்க, பை ரேட் அவருக்குத்தான் முதல்ல தெரியும். ஆனா அவர் குடுக்கறது கொட்டேஷன், கையெழுத்தான காண்ட்ராக்ட் இல்ல, அதனால அவருக்கு வேற டேப். ஃபோன் நம்பரை மட்டும் அங்க போட விடாதீங்க, ஒரே வாரத்துல விளம்பரப் பலகை ஆயிடும்.