கதவைத் திறந்தார்கள், காற்றை விட்டுவிட்டார்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லெஸ்டரில் இருக்கிறேன். 2020 ஜூலை 4 அன்று இங்கிலாந்து முழுக்க பப்கள் திறந்தபோது, கொரோனா தொற்று கூடியிருந்ததால் எங்கள் ஊருக்கு மட்டும் அனுமதி இல்லை. ஆகஸ்ட் 3 வரை காத்திருந்தோம். நாடக அரங்குகள் அதற்கும் பிறகுதான். நம் ஊரிலும் இதேதான் நடந்தது: டாஸ்மாக் மே 7, தியேட்டர் நவம்பர் 10. குடிக்கு முதல் மரியாதை, கலைக்குக் கடைசி மரியாதை. ஒரு சமூகம் இப்படி வரிசை போடலாமா? அரங்கக் கலை இனிப் பழையபடி வருமா?

இன்னொன்று. அந்த ஆகஸ்டில் அரசே பாதி விலை கொடுத்து வெளியே போய்ச் சாப்பிடச் சொன்னது. மாமாவை ஒரு பப்புக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனோம். கை கழுவி, பெயர் விலாசம் எழுதிக்கொடுத்து, சொன்ன மேசையில் உட்கார்ந்தோம். மூன்று வாரம் கழித்து அவருக்குக் காய்ச்சல் வந்தது. அக்டோபரில் போய்விட்டார். முடிந்த கதைதான், இருந்தாலும் மனம் கேட்கவில்லை. இப்போது எங்கள் நாடகக் குழு டிசம்பரில் மேடையேற ஒரு பழைய சமூகக் கூடத்தைப் பிடித்திருக்கிறது. எண்பது பேர் வருவார்கள்.

சுகந்தி, லெஸ்டர்

அன்புள்ள சுகந்தி,

முதலில் மாமா விஷயம். மூன்று வாரம் என்கிறீர்கள். அன்றைய கிருமி உடலுக்குள் போய் அறிகுறி காட்டப் பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும், மிஞ்சிப்போனால் பதினான்கு. கணக்கைப் பார்த்தால் அந்தச் சாப்பாட்டு மேசைக்கும் அவருடைய காய்ச்சலுக்கும் தொடர்பு இருக்க அநேகமாக வழியில்லை. இருந்திருந்தாலும் உங்கள் மேல் என்ன பழி? சொன்னதையெல்லாம் செய்தீர்கள். சொல்லாமல் விட்டவர்கள் வேறு ஆட்கள். வயதான மனிதரைப் பல மாத அடைப்புக்குப் பிறகு ஒரு நல்ல சாப்பாட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறீர்கள். அதை இப்படியே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடியா கலையா என்ற கேள்வியில் எனக்கு ஈடுபாடு இல்லை. அதில் நியாயம் இருக்கிறதுபோலத் தெரியும், ஆனால் தொழிலைத் தெரியாமல் கேட்கிற கேள்வி அது. பப்பை ஒரு வார முன்னறிவிப்பில் திறந்துவிட முடியும். அதுவும் சுவிட்சைத் தட்டுவதுபோல நடந்துவிடவில்லை. மார்ச் 20 இரவு மூடியபோது நிலவறையில் இருந்த பீர் பெரும்பாலும் கெட்டுப்போனது. பீப்பாயில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும் கேஸ்க் ஏல் என்ற பீர், திறந்த மூன்று நாளுக்குள் தீர வேண்டிய சரக்கு. ஒரு ஃபர்கின் பீப்பாய் என்றால் 72 பைன்ட், சுமார் 41 லிட்டர். அவ்வளவையும் நினைத்த சாக்கடையில் ஊற்றிவிட முடியாது, தண்ணீர் கம்பெனியின் சம்மதம் வேண்டும். பீர் குழாய்களைக் கார மருந்து விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, நடுநடுவே புது மருந்து இழுத்து, பிறகு மருந்து துளியும் மிஞ்சாதபடி தண்ணீரால் அலச வேண்டும். மாதக்கணக்கில் தேங்கிய தண்ணீர்க் குழாய்களில் நுரையீரலைத் தாக்கும் லீஜியனெல்லா பாக்டீரியா வளர்ந்திருக்கலாம், 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பு அதற்குச் சுகம். எல்லாக் குழாயையும் திறந்து ஓடவிட்டு, வெந்நீர்த் தொட்டியை 60 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். புதுப் பீப்பாய் வந்தால் 11 முதல் 13 டிகிரி நிலவறையில் அசையாமல் கிடத்தி, கசடு அடியில் படிய ஓரிரு நாள் விட வேண்டும். இத்தனை வேலையும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

நாடகத்துக்கு ஒத்திகையே பல வாரம். இரண்டு மீட்டர் தள்ளித் தள்ளி உட்காரவைத்தால் நிறைந்த அரங்கே நாலில் ஒரு பங்குதான். ஜெர்மனியில் பெர்லினர் ஆன்சாம்பிள் அரங்கில் 700 இருக்கைகளில் 500ஐக் கழற்றியே எடுத்துவிட்டார்கள். மீதி 200 டிக்கெட்டில் நடிகர், விளக்கு, வாடகை எதுவும் கட்டாது. ஆகஸ்ட் 15 முதல் உள்ளரங்க நிகழ்ச்சிக்கு அனுமதி வந்தும் பெரும்பாலான அரங்குகள் இருட்டில் கிடந்ததற்குக் காரணம் இதுதான். கலையை யாரும் அவமதித்துவிடவில்லை. வருமா என்ற கேள்விக்கும் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. டிசம்பரில் நாடகம் போடுகிறீர்கள், வந்துவிட்டது.

கோபம் வந்த இடம் வேறு. "முடிந்த கதை" என்று எழுதியிருக்கிறீர்கள். எண்பது பேரை ஒரு பழைய கூடத்தில் குளிர்காலத்தில் கதவடைத்து இரண்டு மணி நேரம் உட்காரவைக்கப் போகிறவர் எழுதும் வரியா இது? அந்தக் கூடத்தில் காற்று எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை இல்லை. விளக்கு பற்றிக் கேட்டிருப்பீர்கள், மைக் பற்றி, வாகன நிறுத்தம் பற்றிக்கூடக் கேட்டிருப்பீர்கள். காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 2020லும் கேட்கவில்லை.

அந்த ஜூலையில் என்னென்ன செய்யச் சொன்னார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கைக்குச் சானிடைசர், மேசைக்கு மேசை ஒரு மீட்டர், கவுன்டரில் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் தடுப்பு, பதிவேட்டில் பெயர். இதெல்லாம் தும்மலில் தெறிக்கும் துளிக்கும் தொட்டால் ஒட்டும் கிருமிக்கும் எதிரான ஏற்பாடு. பப்கள் திறந்து இரண்டு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, 239 விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட கடிதம் வந்தது: இந்தக் கிருமி காற்றில் மிதக்கிறது, அறைக்காற்றைக் கவனியுங்கள் என்று. அதற்குப் பிறகும் செப்டம்பரில் வந்த விதி பத்து மணிக்குக் கடையை மூடு என்பது. உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தெருவுக்கும் பஸ்ஸுக்கும் வந்தார்கள். டிசம்பரில், பல ஊர்களில், வயிறு நிறையும் சாப்பாட்டோடுதான் குடிக்கலாம் என்றார்கள். ஸ்காட்ச் எக் என்ற, இறைச்சி பொதிந்த முட்டை ஒரு முழுச் சாப்பாடா என்று மந்திரிகள் டிவியில் பேசினார்கள். ஒரு பப்பின் சன்னல் திறக்குமா, பெயின்ட் அடித்து அடைத்துக் கிடக்கிறதா என்று எந்த அதிகாரியும் தள்ளிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சத்தம் என்ற ஒரு விஷயத்தை மட்டும் ஸ்காட்லாந்து பிடித்தது. அந்த ஆகஸ்டில் பப்களில் பின்னணி இசையே கூடாது என்று நிறுத்தினார்கள். இசைக்கு மேல் பேசக் குரலை உயர்த்துவோம், உயர்த்திய குரலில் நுண்துளி அதிகம். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் பாடகர்களை வைத்து அளந்து சொன்னதும் அதுதான். பாட்டுக்கும் பேச்சுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, சத்தம் கூடக் கூடத்தான் துளி இருபது முப்பது மடங்கு வரை ஏறுகிறது. இப்போது உங்கள் வரிசையை நீங்களே பாருங்கள். பப்பில் எல்லோரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து கத்திப் பேசுகிறார்கள். அரங்கில் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து வாய் மூடி உட்கார்கிறார்கள். நல்ல அரங்கில் ஆளுக்கு வினாடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று என்ற கணக்கில் விசிறியும் போட்டிருக்கிறது. அப்படிப்பட்ட அரங்கு பப்பைவிடப் பாதுகாப்பான இடம். உங்கள் ஆதங்கத்துக்கு இதுதான் சரியான வாதம், நீங்கள் எழுதியது அல்ல.

நூறு வருடம் முன்னால் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. லண்டனில் 1911ல் திறந்த விக்டோரியா பேலஸ் அரங்கின் கூரை அந்தக் காலத்தில் நகரும். கோடையில் இடைவேளையில் திறந்துவிடுவார்கள். நம் ஊர்ப் பழைய தியேட்டர்களில் கூரையடியில் எக்ஸாஸ்ட் விசிறி வரிசையாக ஓடும், இடைவேளையில் பக்கவாட்டுக் கதவுகள் எல்லாம் திறக்கும், பீடிப் புகையும் வியர்வையும் வெளியே போகும். ஏசி வந்த பிறகுதான் அடைத்தோம். கூரைமேல் இருக்கும் ஏசி யூனிட்டில் ஃப்ரெஷ் ஏர் டேம்பர் என்று ஒரு தகடு உண்டு, வெளிக்காற்றை உள்ளே விடுவது அதுதான். சென்னையில் மே மாதம் 40 டிகிரிக் காற்றைக் குளிர்விக்க ஆகும் கரன்ட் பில்லைப் பார்த்துவிட்டு அதைச் சாத்துகிறார்கள். பிறகு யாரும் தொடுவதில்லை. இணைப்புக் கம்பி துருப்பிடித்து இறுகிவிடுகிறது, சில இடத்தில் கம்பியே இருக்காது. பிளோவர் ஓடும், குளிர் வரும், ஆனால் உள்ளே இருந்த காற்றே சுற்றிச் சுற்றி வரும்.

2020 அக்டோபரில் மத்திய அரசு தந்த வழிமுறையில், சுழற்சிக் காற்றைத் தவிர், வெளிக்காற்றைக் கூட்டு என்று ஒரு வரி இருந்தது. படித்தவர் குறைவு. 2021 ஜனவரி 4 அன்று தமிழக அரசு நூறு சதவீத இருக்கைக்கு அனுமதி தந்தது, மத்திய அரசு மறுத்தது, நான்கு நாளில் மறுபடி ஐம்பது ஆனது. எல்லாச் சேனலிலும் ஐம்பதா நூறா என்று சண்டை. டேம்பர் திறந்திருக்கும் தியேட்டரில் பாதி ஆள் என்றால் ஆளுக்கு இரண்டு மடங்கு காற்று. டேம்பர் சாத்திய தியேட்டரில் பாதி ஆளை வைத்தாலும் மூன்று மணி நேரப் படத்தின் கடைசியில் காற்று கெட்டே இருக்கும். ஒரு நாற்காலிக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டிருந்தால் அந்தச் சண்டைக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும்.

இனி உங்கள் கூடம். அளவு எழுதவில்லை. 12 மீட்டர் நீளம், 9 அகலம், 4 உயரம் என்று வைத்துக்கொள்கிறேன், 432 கன மீட்டர். உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். சன்னல் கதவெல்லாம் சாத்தி, சந்து வழியாக மணிக்குப் பாதி அறைக் காற்று மாறுகிறது என்றால், எண்பது பேருக்கு ஒரு மணி நேரத்தில் கார்பன் டை ஆக்சைடு மானி 3,000 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 3,000 பங்கு, காட்டும். வெளியே 420தான். நாம் விடும் மூச்சில் 40,000 அளவு இருப்பதால், அந்த நேரத்தில் இழுக்கும் ஒவ்வொரு பதினைந்து மூச்சில் ஒன்று வேறொருவரின் நுரையீரலுக்குள் போய்வந்த காற்று. 800க்குக் கீழே இருந்தால் நல்லது. 1,500க்கு மேல் நிலையாக நின்றால் காற்றோட்டம் மோசம் என்று பிரிட்டிஷ் அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பே சொல்கிறது. 2021ல் பெல்ஜியம் மதுக்கூடங்களில் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மானி வைக்கச் சொன்னது, 900 தாண்டினால் சரிசெய், 1,200 தாண்டினால் மூடு. உங்கள் அரசு அந்த ஆண்டு பள்ளிகளுக்கு மூன்று லட்சம் மானி தருவதாக அறிவித்தது. எனவே தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு மானி வாங்குங்கள். என்டிஐஆர் சென்சார் (அகச்சிவப்பு ஒளியால் அளப்பது) என்று பெட்டியில் போட்டிருக்க வேண்டும். மலிவான சில மானிகள் வேறு வாயுக்களை மோந்து ஓர் எண்ணை ஊகித்துக் காட்டும். சானிடைசர் தடவிய கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், எண் எகிறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முதலில் திறந்தவெளியில் இருபது நிமிடம் வைத்து 420 பக்கம் வருகிறதா என்று பாருங்கள். கூடத்தில் உட்கார்ந்தவரின் தலை உயரத்தில், சன்னல் கதவுக்குத் தள்ளி, யார் முகத்துக்கும் அரை மீட்டருக்குள் இல்லாமல் வையுங்கள். ஆள் வந்து ஒரு மணி நேரம் ஆன பிறகு படிக்கும் எண்தான் எண்.

சன்னலை எதிரெதிர்ப் பக்கம் திறக்க வேண்டும். ஒரே பக்கம் நாலு திறந்தாலும் காற்றோட்டம் குறைவாகவே இருக்கும். டிசம்பர் குளிருக்கு மேல்சன்னல்களை ஒரு சாண் திறந்து வையுங்கள், குளிர்காற்று தலைக்கு மேலேயே சூடான காற்றில் கலந்து இறங்கும், காலில் அறையாது. ஹீட்டரை அணைக்காதீர்கள், கரன்ட் செலவாகட்டும். கழிப்பறை எக்ஸாஸ்ட் விசிறியின் முன் ஒரு டிஷ்யூ காகிதம் பிடியுங்கள், ஒட்டிக்கொண்டால் இழுக்கிறது, விழுந்தால் கிரில்லில் தூசு அடைத்திருக்கிறது. நாடகத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே எல்லா விசிறியையும் ஓட்டுங்கள். இடைவேளை பதினைந்து நிமிடம் வையுங்கள், இரண்டு பக்கக் கதவையும் முழுதாகத் திறந்து ஆட்களை வெளியே அனுப்புங்கள். வசனம் பேசுபவர்கள் உரக்கப் பேசுவார்கள் என்பதால் முதல் வரிசையை மேடையிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிப் போடுங்கள்.

சன்னல் திறக்கவே வழியில்லை என்றால் ஹெப்பா என்ற நுண்வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான். பெட்டியில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று போட்டிருப்பார்கள். உங்கள் கூடத்துக்கு மணிக்கு ஐந்து தடவையாவது வடிகட்ட 2,160 வேண்டும். 400 தரும் பெட்டி என்றால் ஆறு. பெட்டியில் சொல்லும் அளவு முழு வேகத்துக்கு, அந்த வேகத்தில் இரைச்சல் வசனத்தை மூடும். அதனால் நடுவேகத்தில் ஓட்டி எண்ணிக்கையைக் கூட்டுங்கள். சுவரோரம் சோபாவுக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். ஒன்று கவனம்: சுத்திகரிப்பான் துளியைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்காது. மானி எண் குறையவில்லையே என்று பயப்பட வேண்டாம், அதே சமயம் அது ஓடுகிறது என்பதற்காகச் சன்னலைச் சாத்தவும் வேண்டாம்.

கூடத்தில் ஏற்கெனவே டக்ட் ஏசி இருந்தால் பராமரிப்பவரிடம் ஃபில்டர் என்ன ரகம் என்று கேளுங்கள். நுண்துகளையும் பிடிக்கும் மெர்வ் 13 ரக ஃபில்டர் போடலாம் என்று அவசரப்பட்டு நீங்களாக மாற்றாதீர்கள். பழைய பிளோவருக்கு அது கனம், காற்றின் அளவே இறங்கிவிடலாம். சட்டத்துக்கும் ஃபில்டருக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருந்தால் எந்த ஃபில்டரும் வீண், காற்று சந்து வழியாகத்தான் போகும். ஃபோம் டேப் வாங்கி அடையுங்கள்.

முழு ஒத்திகையன்றே நாற்பது பேரையாவது பார்வையாளராக உட்காரவைத்து ஒரு முறை அளந்துவிடுங்கள். ஒன்றரை மணி நேர எண்ணையும், எத்தனை சன்னல், எந்தப் பக்கம், எவ்வளவு திறந்திருந்தது என்பதையும் எனக்கு எழுதுங்கள். எண்பது பேருக்குக் கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.